வடக்குத் தாவாரத்தில் ஒரு கவடு நிலம்

ஆவணக்காப்பகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, நான் என் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அப்படி எழுத என்னிடம் அதிகம் இல்லை. நான் விட்ட பிழை ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். உங்களில் இரண்டு பேர் தமிழ்ப் பிள்ளைகள், இங்கேயே பிறந்து இந்த வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்கிறவர்கள். "தமிழிலை எழுதுங்கோ அக்கா, தட்டித் தடவி வாசிப்பம்" என்று சொன்னதும் நீங்கள்தான். சரி, வாசியுங்கள். செத்துப்போன போதகர்களின் கோழிக் கிறுக்கலையே வாசிக்கிற உங்களுக்கு என் தமிழ் பெரிய காடா என்ன?

நான் இந்தக் கட்டடத்துக்குள் முதலில் வந்தது விளக்குமாறோடு. துடைத்த மேசைகளில் கிடந்த தாள்களை எட்டிப் பார்த்துப் பார்த்து, பழைய எழுத்தைப் பழகி, கடைசியில் அந்த மேசை ஒன்றிலேயே உட்கார்ந்தவள். என் மேலதிகாரி ஒரு ஆங்கிலேயப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவர். இங்கிலாந்தின் கிராமத் தேவாலயப் பங்குகளையும், அவற்றை ஆண்ட பிரபுக்களின் பண்ணைகளையும் படித்தவர். ஜேர்மனியில் ஹனோவருக்கு வந்து நமது பக்கத்துக் கிராமங்களையும் அதே கண்ணால் பார்த்து வரலாறு எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு நாட்டிலும் முறை ஒன்றுதான். ஊரில் தேவாலயம் ஒன்று, பிரபுவின் பண்ணை ஒன்று. சனத்தின் ஆன்மாவைத் தேவாலயம் தன் புத்தகத்தில் எழுதும். உழைப்பைப் பண்ணை தன் புத்தகத்தில் எழுதும். இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து வாசிப்பதுதான் எங்கள் வேலை. இரண்டு புத்தகமும் சேர்ந்து வாய் மூடுகிற இடத்தில்தான் நீங்கள் விழித்திருக்க வேண்டும் என்று அவர் அடிக்கடி சொல்லுவார். நான் ஓம் ஓம் என்று தலையாட்டுவேன். தலையாட்டுவது சுலபம்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஹனோவரிலிருந்து ரயிலும் பஸ்ஸுமாக ஒன்றரை மணி நேரம் போகிற ஒரு கிராமத்துப் போதகர் எங்களுக்கு எழுதியிருந்தார். அவருடைய தேவாலயம் எண்ணூறு வருடத்துக்குக் குறையாத பழசு. வடக்குச் சுவர் நீர் ஊறி உப்பிப் போய்க் கிடக்கிறது. கூரைத் தண்ணீர் நேரே சுவரடியில் விழுவதுதான் காரணம். தண்ணீரை ஏந்தக் கூரை விளிம்பில் பீலி பூட்டி, சுவரோரமாக வாய்க்கால் வெட்டிக் குழாய் புதைக்கப் போகிறார்கள். அந்த இடத்தில் பழைய அடக்கம் எதுவும் இல்லை என்று காப்பகம் ஒரு கடிதம் தந்தால், மண் வெட்டலாம். அவ்வளவுதான் கேட்டிருந்தார். இதைவிடச் சின்ன வேலை காப்பகத்தில் இல்லை.

இடத்தைப் பார்க்க நான் ஒரு நாள் மத்தியானம் போனேன். நல்ல மழை. போதகர் இளம் வயதுக்காரர், வாய் நிறையச் சிரிப்பு. தெற்குப் பக்கமும் மேற்குப் பக்கமும் பீலி இருந்தது. வடக்கில் மட்டும் இல்லை. கூரைத் தண்ணீர் திரைச்சீலை மாதிரி விழுந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில், கறுத்த மேலங்கி போட்ட ஒரு வயதான அம்மா குடை இல்லாமல் நின்றார். நாங்கள் கிட்டப் போனதும் விலகிப் போய்விட்டார். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஆர் அவ?" என்று கேட்டேன். இங்கே நடந்த பேச்சில் பாதிக்கு மேல் ஜேர்மன் மொழியில் நடந்தது. எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன், பிறகு குறை சொல்லாதீர்கள்.

"ஹென்னிங் அம்மா. மழை பெய்தால் அவ இஞ்சை வந்து நிப்பா. முந்தி வேறையும் பொம்பிளையள் வந்து நிண்டவையாம். பழைய ஆக்கள், விடுங்கோ" என்றார் போதகர்.

விட்டேன். இன்னொன்றையும் விட்டேன். கூரைத் தண்ணீர் புல்லில் விழுந்தால் சத்தம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், மெத்தென்று இருக்கும். அந்த இடத்தில் டொக், டொக் என்று கேட்டது. வெறும் புல்தரைக்குள்ளிருந்து யாரோ விரல் மடித்துத் தட்டுகிற மாதிரி. எனக்கு ஒருமுறை மயிர்க்கூச்செறிந்தது. குளிர் என்று நினைத்து ஜாக்கெட்டை இழுத்துப் பூட்டினேன்.

காப்பகத்துக்கு வந்து புத்தகங்களை எடுத்தேன். அடக்கப் பதிவேட்டில் வடக்குப் பக்கத்தில் ஒரு பிணமும் இல்லை. சபைக் கூட்டக் குறிப்புகளில் ஒரு வேடிக்கை இருந்தது. புதிதாக வருகிற போதகர் எல்லாரும் வடக்கே பீலி பூட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அது கொஞ்ச நாளில் கீழே வந்திருக்கிறது. உடைந்து விழவில்லை. சுவரோரமாக நீட்டுக்கு அடுக்கி வைக்கப்பட்டிருந்ததாக ஒரு போதகர் எழுதியிருக்கிறார். அடுத்தவர் காற்று என்று எழுதியிருக்கிறார். கழற்றி அடுக்கி வைக்கிற காற்றை நான் எங்கும் கண்டதில்லை. ஆனாலும் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன்.

பிறகு பண்ணைக் கட்டு. மிகப் பழைய சாசனம் ஒன்றின் பிரதி அதில் இருந்தது. பண்ணைப் பிரபு தேவாலயத்துக்கு நிலம் கொடுக்கிறார். வயல், முற்றம், கல்லறைத் தோட்டம் எல்லாம் கொடுக்கிறார். ஆனால் வடக்குத் தாவாரத்தின் கீழே, கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில், காலை எட்டி வைக்கிற ஒரு கவடு அகலத்துக்கு நிலத்தை மட்டும் விலக்குகிறார். அது பிரபுவுக்கும் இல்லை, தேவாலயத்துக்கும் இல்லை. அங்கே வேலி போடவோ நடவோ கட்டவோ கூடாது. யாருக்கு அந்த நிலம் என்று ஒரு எழுத்தும் இல்லை.

இப்போது கேளுங்கள், என் பெரிய மூளை என்ன செய்தது என்று. நான் யாழ்ப்பாணத்துக்காரி. என் ஐயாவும் பக்கத்து வளவுக்காரரும் தாவாரத் தண்ணீருக்காக வழக்குப் பேசிக் கோடு கச்சேரி ஏறினவர்கள். உன் கூரைத் தண்ணீர் என் காணிக்குள் விழுகிறது, என் வேலியை நீ தள்ளி அரக்கினாய் என்று சண்டை பிடித்தே வளர்ந்த சனம் நாங்கள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். சாசனத்தை வாசித்ததும் எனக்கு எல்லாம் வெளித்துவிட்டது. பிரபுவும் போதகரும் தாவாரத் தண்ணீருக்குச் சண்டை போட்டு, இருவருக்கும் வேண்டாம் என்று நடுவில் ஒரு கவடு விட்டிருக்கிறார்கள்! நானே மெச்சிக்கொண்டேன். ஜேர்மன்காரருக்கு இது விளங்காது, எனக்கு விளங்கிவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு புழுகம், ஒரு பெருமை வேறு.

கடிதத்தில் இரண்டு வசனம் எழுதினேன். விலக்கப்பட்ட நிலம் பழைய தாவாரத் தண்ணீர்த் தகராறு ஒன்றின் மிச்சம், இன்று முக்கியமில்லை. வடக்குச் சுவரடியில் அடக்கங்கள் இல்லை. மேலதிகாரி இங்கிலாந்துக்கு லீவில் போகிற அவசரத்தில், என்னை நம்பி, கையெழுத்துப் போட்டார்.

பிள்ளைகள், ஒரு நிமிஷம் இந்த இடத்தில் நில்லுங்கள். பதிவேட்டில் இல்லை என்று எழுதியிருந்தால் அது உண்மை. அங்கே இல்லை என்று எழுதியதுதான் என் பிழை. புத்தகம் பார்த்தவள் புத்தகத்தைப் பற்றித்தான் சொல்லலாம். மண்ணைப் பற்றிச் சொல்ல எனக்கு யார் உரிமை தந்தது?

மூன்று வாரம் கழித்து, ஒரு காலை, காப்பகத் தொலைபேசி அடித்தது. மெல்லிய குரல்.

"கோயில் பலகையிலை உங்கடை கடிதம் ஒட்டிக் கிடக்கு. அங்கை ஒண்டும் இல்லையெண்டு எழுதினது நீங்களோ?"

"ஓம். ஆர் கதைக்கிறது?"

"ஹென்னிங். இஞ்சை மிசின் வந்து நிக்குது. என்ரை தம்பி அங்கை இருக்கிறான்."

நான் அலுவலகக் குரலில் சொன்னேன், "அம்மா, பதிவேட்டிலை வடக்குப் பக்கம் ஒருத்தரும் இல்லை."

"பதிய ஏலாது. அவன் ஞானஸ்நானம் எடுக்க முந்திச் செத்தவன். அப்பிடியான பிள்ளையளைக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளை விடமாட்டினம். யுத்தம் முடிஞ்ச நேரம். நாங்கள் கிழக்கிலையிருந்து ஓடிவந்து பண்ணைக் கொட்டிலிலை இருந்தம். எனக்கு அஞ்சு வயது. ஊர்ப் பொம்பிளையள்தான் அம்மாவுக்கு இடம் காட்டினவை. கோயில் கூரையைக் கழுவி வாற தண்ணி பிள்ளையிலை விழுந்தா அதுவே ஞானஸ்நானம் எண்டு சொன்னவை. எல்லாக் காலத்திலும் அப்பிடித்தானாம்."

"ஏன் அம்மா நீங்கள் முந்தியே போதகருக்குச் சொல்லேல்லை?"

"போதகருக்குச் சொல்லுறேல்லை. தெரிஞ்சா கிண்டி எடுத்து வெளியிலை போடுவினம் எண்டு பயம். பீலி போட்டா நாங்களே ஏணி வைச்சுக் கழட்டிப்போடுவம். முந்தி ஏழெட்டுப் பேர் இருந்தம். இப்ப நான் மட்டும்தான். ஏணி பிடிக்க ஆளில்லை." பிறகு சொன்னார், "அவனை எடுத்துத் தாங்கோ எண்டு நான் கேக்கேல்லை. கிண்டாமல் விடச் சொல்லுங்கோ. அவனிலை மழை படவேணும். அவ்வளவுதான்."

பிரபு விலக்கிவைத்த ஒரு கவடு நிலம் யாருக்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேவாலயம் ஏற்காத, பண்ணை கணக்கெடுக்காத பிள்ளைகளுக்கு. அதை எழுத யாருக்கும் துணிவில்லை, மறுக்கவும் மனமில்லை. எழுதாமலே எண்ணூறு வருடம் காப்பாற்றியிருக்கிறார்கள். நான் வந்து இரண்டு வசனத்தில் கெடுத்துவிட்டேன்.

இன்னும் லீவில் நின்ற மேலதிகாரிக்கு இங்கிலாந்துக்குத் தொலைபேசி அடித்தேன். நான் சொல்லி முடிக்கவில்லை, அவர் "கடவுளே" என்றார். "எங்கடை பக்கத்துப் பழைய கோயில்களிலையும் இருக்கு. சுவரோரத் தாவாரத்துக்குக் கீழை வரிசையா, எல்லாம் கைக்குழந்தையள். நான் அந்தச் சாசனத்தை வாசிக்காமல் கையெழுத்து வைச்சிட்டன். கடிதத்தை வாபஸ் வாங்கி இப்பவே எழுதுறன். ஆனா மிசின் ஓடேக்கை ஆர் மின்னஞ்சல் பாக்கிறது? நீங்கள் போங்கோ." போதகர் பள்ளிக்கூடத்தில் சமய பாடம் எடுத்துக்கொண்டிருந்தார், தொலைபேசி அணைத்திருந்தது. கட்டட நிறுவனத்துக்கு அடித்தேன். அங்கே இருந்த ஆள் மிக மரியாதையாகச் சொன்னார், "காப்பகம் ஒண்டுமில்லை எண்டு தந்த கடிதம் எங்களிட்டை இருக்கே." என் கடிதத்தையே எனக்கு வாசித்துக் காட்டினார். நிறுத்தச் சொல்ல எனக்கு ஒரு அதிகாரமும் இல்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ரயிலில் ஒன்றே ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இயந்திரம் வெட்டத் தொடங்கியிருக்கக் கூடாது. நான் அப்படி எதையும் கும்பிட்டுக் கேட்கிற ஆள் இல்லை. அன்று கேட்டேன்.

ஸ்டேஷனிலிருந்து டாக்சி பிடித்துப் போய் இறங்கியபோது மண் வெட்டுகிற பெக்கோ இயந்திரத்தின் கை மேலே தூக்கியிருந்தது. கிழக்கு மூலையில் ஒரு மீற்றர் அளவுக்கு வெட்டி, மண்ணைப் பக்கத்தில் குவித்திருந்தார்கள். நான் வெட்டுக்குள் குதித்து நின்றேன். இந்த வயதில், சேலை கட்டாதது நல்லதாய்ப் போயிற்று. ஜேர்மன் மொழி முழுக்க மறந்துபோய், "ஐயோ நிப்பாட்டுங்கோ!" என்றுதான் கத்தினேன்.

இயந்திரத்துக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "அக்கா? இஞ்சை என்ன செய்யிறியள்? அரக்கி நில்லுங்கோ, அடிபடப் போகுது!"

தமிழ்! பாஸ்கரன் என்று பெயர். நாற்பது வயதிருக்கும், சாவகச்சேரி. ஆறு வருடமாக இந்த நிறுவனத்தில் பெக்கோ ஓட்டுகிறாராம். அதெல்லாம் பிறகு தெரிந்தது.

"தம்பி, இதுக்குக் கீழை பிள்ளையள் இருக்குதுகள்."

"என்ன பிள்ளையள்?"

"செத்த பிள்ளையள். பச்சைக் குழந்தையள்."

இயந்திரத்தை அணைத்தார். ஆனால் இறங்கவில்லை. "என்னட்டைத் தந்த தாளிலை ஒண்டுமில்லை எண்டு கிடக்கு, அக்கா."

"அந்தத் தாளை எழுதின மூதேவி நான்தான்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "பின்னேரத்துக்குள்ளை முடிக்கச் சொல்லிப் போட்டுப் போயிருக்கிறான் மேலாள். உங்கடை வாய்ப்பேச்சைக் கேட்டு நான் நிப்பாட்டினா என்ரை வேலைக்குத்தான் உலை. ரெண்டு பிள்ளையள் எனக்கு. ஒரு எழுத்துத் தாங்கோ, நிப்பாட்டுறன்."

அந்த நேரம் என்னிடம் எழுத்து ஒன்றும் இல்லை. மேலதிகாரியின் கடிதம் எந்தப் பெட்டிக்குள் போய் விழுந்ததோ. பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். காவல்துறை வருகிறது, கம்பி எண்ணுவாய் என்று வெருட்டலாம். நிச்சயமாக நிறுத்தியிருப்பார். ஆனால் ஏற்கனவே ஒரு பொய்யான தாளை நம்பித்தான் அந்த மனிதன் இங்கே வெட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டாவதையும் அவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

"எழுத்து இல்லைத் தம்பி. இறங்கி வந்து உம்மடை கண்ணாலை பாரும். பாத்திட்டு உமக்கு வெட்ட ஏலுமெண்டா வெட்டும். நான் அங்காலை போறன்."

இறங்கி வந்தார். வெட்டின பக்கத்தில், புல்லுக்கு இரண்டு விரல் கீழே, பழைய கூரை ஓடுகள். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, மல்லாக்காக, சுவரோடு ஒட்டி வரிசையாகப் படுக்கவைத்திருந்தன. முழங்கை நீளம்தான் ஒவ்வொன்றும். நான் மழையில் கேட்ட சத்தம் எதில் பட்டு வந்தது என்று அப்போது தெரிந்தது. வரிசை மண்ணுக்குள்ளே போய்க்கொண்டிருந்தது. அதற்குக் கீழேயும் இன்னொரு வரிசையின் விளிம்பு தெரிந்தது. பாஸ்கரன் குந்தியிருந்து அதைக் கன நேரம் பார்த்தார். பிறகு சப்பாத்துகளைக் கழற்றி வெட்டுக்கு வெளியே வைத்தார்.

"எங்கடை ஊரிலையும் பச்சைக் குழந்தையை எரிக்கிறேல்லைத்தானே அக்கா, மண்ணுக்குள்ளை தாக்கிறது" என்றார். "மேலாள் வந்தா நான் கதைக்கிறன்."

இதற்குப் பிறகு நடந்த அலுவலகக் கதை உங்களுக்குத் தேவையில்லை. பழஞ்சின்னத் துறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மேல்மண்ணை மட்டும் நீக்கிப் பார்த்து, திரும்ப மூடினார்கள். வடக்குச் சுவர் நீளத்துக்கும் ஓடுகள்தான். எத்தனை என்று எண்ணி எனக்கும் சொன்னார்கள். அந்த எண்ணை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, இங்கேயும் எழுதமாட்டேன். பாஸ்கரனின் வேலை போகவில்லை. வடக்கில் இன்றுவரை பீலி இல்லை. சுவரை வேறு வழியில் காய வைக்கிறார்கள்.

ஆனால் அன்று மத்தியானம் இவை ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. போதகர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்தார். ஓடுகளைப் பார்த்தார், சிரிப்பு முகத்தை விட்டுப் போய்விட்டது. "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார் திரும்பத் திரும்ப. அவருக்குப் பின்னால் ஹென்னிங் அம்மா வந்துகொண்டிருந்தார். கையில் குடை, மெதுவான நடை.

கிழக்கு மூலையில், இயந்திரம் தொடங்கின இடத்தில், இரண்டு ஓடுகள் உடைந்து மண்ணோடு மண்ணாகக் குவியலுக்குள் போயிருந்தன. அவற்றுக்குக் கீழே என்ன இருந்ததோ அதுவும் குவியலுக்குள்தான். நானும் பாஸ்கரனும் பார்த்திருந்தோம். அந்த அம்மாவுக்கு அது தெரியாது. மிச்ச வரிசையைக் காட்டி, எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னால் நம்பிவிடுவார். வயதான மனுஷி, நிம்மதியாகப் போகட்டுமே. போதகரும் என் காதுக்குள் அதைத்தான் சொன்னார்.

ஹென்னிங் அம்மா என் முகத்தைப் பார்த்துக் கேட்டார், "அவன் இருக்கிறானோ?"

நான் அழத் தொடங்கிவிட்டேன். அழுதுகொண்டே சொன்னேன், "கிழக்கு மூலையிலை ரெண்டு ஓடு உடைஞ்சு போச்சம்மா. அந்த மண் உதிலை குவிஞ்சு கிடக்கு. நான் எழுதின எழுத்தாலை நடந்தது."

அவர் வெட்டைப் பார்த்தார். சுவரின் மூலையைப் பார்த்தார். "கடைசியா வைச்சது அவனைத்தான்" என்றார். "அவனுக்குப் பிறகு ஒருத்தரும் வைக்கேல்லை. மூலையோடைதான் வைச்சம்."

என்னை ஏசுவார் என்று நின்றேன். ஏசினால் நல்லாயிருக்கும் என்றும் இருந்தது. அவர் ஏசவில்லை. குவியலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அப்போது மழை தூறத் தொடங்கியது. பாஸ்கரன் பதறிப்போய் லொறியிலிருந்து தார்ப்பாய்ப் படங்கை இழுத்துக்கொண்டு வந்தார். மண் கரைந்து ஓடினால் உள்ளே இருப்பதும் கரைந்து போய்விடும் என்ற பயம். படங்கை விரித்து ஒரு மூலையைப் பிடித்தார், மற்ற மூலையை நான் பிடித்தேன்.

"மூடாதையுங்கோ" என்றார் ஹென்னிங் அம்மா.

நாங்கள் விளங்காமல் நின்றோம். அவர் குடையைச் சுருக்கினார். "நனையட்டும். விடுங்கோ."

படங்கைச் சுருட்டி வைத்தோம். மழை பெலத்தது. கூரைத் தண்ணீர் வடக்குப் பக்கமாக இறங்கி, வெட்டுக்குள்ளும் குவியலிலும் விழத் தொடங்கியது. நாலு பேரும் தெப்பமாக நனைந்துகொண்டு நின்றோம். எனக்கு ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. கேட்டேன், "தம்பிக்கு என்ன பேர் அம்மா?"

"பேர் வைக்கேல்லை" என்றார். "மழை அவனைக் கழுவி முடிஞ்ச பிறகு பேர் வைப்பம் எண்டு அம்மா சொன்னவ. முடிஞ்சுதோ எண்டு நான் வந்து வந்து பாக்கிறன்."

அன்று பொழுதுபடும்வரை மழை விடவில்லை.